துருக்கிக்காரர்கள் மேல் வந்த வயிற்றெரிச்சல்

என் மனைவியின் காதுக்குள் துருக்கிக்காரர்கள் நாலு பேர் குடியேறி ஒரு வருஷமாகிறது. கோவிந்தாபுரத்திலிருந்து கொல்லங்கோட்டு ஆபீசுக்குப் பஸ்ஸில் போகிறபோது போனில் தற்செயலாகக் கிடைத்த இசைக்குழுவாம். வாய்ப்பாட்டே கிடையாது. நீளக் கழுத்துத் தந்தி வாத்தியம் ஒன்று கிறுகிறுவென்று சுற்றும், கிடார் ஊளையிடும், டிரம் திடீரென்று வேறு பக்கம் ஓடும். எல்லாம் மேடையில் அந்த நேரத்துக்குத் தோன்றுவதை வாசிப்பதாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். அடுப்பில் பால் பொங்கினாலும் தெரியாது.

நானும் வாசிக்கிறவன்தான். தென்னந்தோப்பு வேலை போக, இந்தப் பக்கத்துக் கல்யாண ரிசப்ஷன்களில் வருஷக்கணக்காகக் கீபோர்டு வாசிக்கிறேன். என் வாசிப்பை அவள் ஒருநாளும் கண்ணை மூடிக் கேட்டதில்லை. நல்லா இருந்துச்சுங்க என்பாள், சாம்பாரைச் சொல்கிற மாதிரி. எனக்கு வயிறு எரிந்தது. முகம் தெரியாதவர்கள் மேல் போய்ப் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கப்பட்டால் எரிச்சல் குறைகிறதா என்ன?

அவர்கள் வாசித்ததில் அவளுக்கு ரொம்பப் பிடித்த ஒன்றைத் திருட்டுத்தனமாக மனப்பாடம் செய்தேன். தோப்பு மோட்டார் ரூமில் கீபோர்டை வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் உட்கார்ந்தேன். அவர்கள் தடுமாறிய இடங்களைக்கூட விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது வாசித்துக் காட்டினேன். அச்சு அசல். அவள் கை வெங்காயத்தை உரித்துக்கொண்டே போனது.

"அப்படியேதானுங்க இருக்குது. ஆனா அவுங்களே இதை மறுக்கா இப்படி வாசிக்க மாட்டாங்க" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசிப்பை நிறுத்தவில்லை, கை மட்டும் பாதையை விட்டுவிட்டது. அந்த நாலு பேரையும் அடிக்கிற மாதிரி கட்டைகளை அடித்தேன். இடது கை ஒரே சுரத்தில் நின்று இடித்தது. வலது கை அதன்மேல் என்னவோ புலம்பியது. கல்யாண மண்டபத்தில் இப்படி வாசித்திருந்தால் கரண்டைப் பிடுங்கியிருப்பார்கள்.

ஆத்திரம் தீர்ந்து நிமிர்ந்தேன். கத்தி தரையில் கிடந்தது. அவள் கண்ணை மூடியிருந்தாள். வெங்காயக் காந்தலோ என்று நினைத்தேன்.

"ஏனுங்க, கடைசியா வாசிச்சீங்களே, அதை இன்னொருக்கா வாசிங்க."

கையை வைத்தேன். வரவில்லை. அந்த மூடிய கண்ணைப் பார்த்ததுமே கோபமெல்லாம் வடிந்து போயிருந்தது. தடவித் தடவிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் காத்திருந்தாள், பிறகு வெங்காயத்தை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போதும் பஸ்ஸில் இயர்போன் மாட்டுகிறாள். மாட்டிக்கொள்ளட்டும். ஆனால் எப்போதாவது, அன்னைக்கு வாசிச்சீங்களே என்று அவ்வளவு ஆசையாக ஆரம்பிப்பாள். துருக்கிக்காரர்களைக்கூட மன்னித்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை என் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தானே ஒருத்தன், அவனைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.