நான் வாய் மூடியிருந்த பதினான்கு நாள்

போன வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு என் குரல் கம்மிப் போனது. சளி என்று நினைத்தேன். மிளகுக் கஷாயம் குடித்தேன், சுக்கு மென்றேன், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். ஒரு மாதம் ஆகியும் தகர டப்பாவைத் தரையில் இழுக்கிற சத்தம்தான் வந்தது. கடைசியில் திருப்பத்தூரில் ஒரு டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். "குரல்வளையில சின்னதா ஒரு கட்டி இருக்குங்க. எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார்.

டெஸ்ட் எதற்கென்று எனக்குத் தெரியும். என் அப்பா தொண்டையில் புற்றுநோய் வந்துதான் போய்ச் சேர்ந்தார். கடைசி மூன்று மாதம் பேச்சே இல்லை. கையைத் தட்டித்தான் எங்களைக் கூப்பிடுவார். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கைதட்டல் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் தேவராஜ். செங்கம் பக்கம் மலையடிவாரத்தில் வீடு. மினி வேனில் வெங்காயம், தக்காளி, கருவாடு ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலைமேல் ஊர் ஊராகப் போய் விற்கிறேன். மற்ற வண்டிக்காரர்கள் ரெக்கார்டு பண்ணின குரலை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நான் மைக்கைப் பிடித்து நானேதான் கத்துவேன். எதிரில் யார் வந்தாலும் பேர் சொல்லி நலம் விசாரிப்பேன், அதுவும் மைக்கில். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது, பேச்சு நிற்கவில்லை.

சபையிலும் அப்படித்தான். யாராவது ஜெபம் பண்ணுங்க என்று பாஸ்டர் சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிடுவேன். உலக சமாதானத்தில் ஆரம்பித்து, டெல்லி, சென்னை, எங்கள் பஞ்சாயத்து, பஞ்சாயத்துத் தண்ணிக்குழாய் என்று ஒவ்வொரு படியாக இறங்கி வருவேன். ஒரு கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ணி முடித்துக் கண்ணைத் திறந்தால், பாதிப் பேர் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். சமையல்காரர் வந்து, "அண்ணே, நீங்க மேலோகத்துல சுத்திக்கினு இருந்தீங்க. கீழ பிரியாணி ஆறிப் போச்சு" என்றார்.

அப்படிப்பட்டவனின் தொண்டையில் கை வைத்துக் கட்டியை எடுத்தார்கள். "பதினாலு நாள் வாயே தொறக்கக் கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது. அதுக்குள்ள ரிசல்ட்டும் வந்துடும்" என்றார் டாக்டர். பிறகு என் மனைவி சலோமியைப் பார்த்து, "இவரால முடியுமாம்மா?" என்று கேட்டார்.

"தூக்கத்துலயே பேசறவருங்க இவரு. நீங்க வேற" என்றாள்.

ஒரு நோட்டு வாங்கி எழுதிக் காட்டினேன். ஒரு பக்கம் எழுதி நீட்டுவதற்குள் அவள் துணி காயப்போடப் போயிருப்பாள். அதைவிடக் கஷ்டம் ஜெபம். சத்தம் போட்டே பழகினவனுக்கு மனசுக்குள் ஜெபிக்கத் தெரியவில்லை. கண்ணை மூடி "ஆண்டவரே" என்று ஆரம்பிப்பேன். வாங்கிப் போட்ட தக்காளி அழுகுமே என்று நினைப்பு ஓடும். அதைத் தள்ளிவிட்டால் அப்பாவின் முகம் வரும். அவருக்காகவும் நாங்கள் எல்லாரும் முழங்கால் போட்டோமே. அவர் போய்விட்டாரே. அதற்கு மேல் என் ஜெபம் நகராது. ஊருக்கெல்லாம் ஜெபித்தவன் எனக்கென்று ஒரு வரி ஜெபிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். 'ஆண்டவர் என்னை விட்டுவிட்டார்' என்று ஒரு மத்தியானம் நோட்டில் எழுதினேன். சலோமி பார்த்துவிடுவாளோ என்று பயந்து அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஒன்பதாம் நாள் வீட்டில் இருக்கப் பொறுக்காமல் வண்டியை எடுத்தேன். சலோமியும் ஏறிக்கொண்டாள். எப்போதோ விளையாட்டாக என் குரலைத் தன் போனில் பிடித்து வைத்திருந்தாள். அதை ஸ்பீக்கரில் போட்டாள். அது பொங்கல் சமயத்தில் பிடித்தது. "கரும்பு வாங்கு, மஞ்சக்கொத்து வாங்கு" என்று வைகாசி வெயிலில் கத்திக்கொண்டே மலை ஏறினோம். ஜனங்கள் ஓடி வந்து வண்டிக்குள் கரும்பைத் தேடினார்கள். "இன்னாப்பா இது, வண்டி பேசுது, நீ பேசமாட்டேன்ற?" என்று ஒருவர் கேட்க, சலோமி ஊர் ஊராக என் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மேலே ஒரு ஊரில் கன்னியம்மா என்று ஒரு அம்மா, எட்டு வருஷமாக என்னிடம் வெங்காயம் வாங்குகிறவர். மாரியம்மனைக் கும்பிடுகிற குடும்பம். ஆனாலும் "உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்த சொல்லுப்பா" என்பார். நானும் வண்டி ஓரத்திலேயே நின்று, அவர் வீட்டுக்காரரின் முட்டிவலிக்காக எட்டு வருஷமும் கண்ணீரோடு ஜெபித்திருக்கிறேன். அன்றைக்கு நான் பேசமாட்டேன் என்று தெரிந்ததும் அந்த அம்மா வெங்காய மூட்டைமேல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இன்னிக்காவது சொல்றேன், கேளு. முட்டிவலி எனக்குப்பா. அந்த ஆளுக்கு ஒண்ணும் இல்ல, கல்லாட்டம் கீறாரு. நான் சொல்லலாம்னு வாயத் தொறந்தா நீ கண்ண மூடிக்கிற. அப்புறம் நான் யார்கிட்ட சொல்றது?"

சலோமி வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிக்கவும் அனுமதி இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினேன். கன்னியம்மா விடவில்லை. முட்டியில் தொடங்கி, வேலைக்குப் போன மகன் நாலு மாசமாகப் போன் பண்ணாதது வரைக்கும் சொன்னார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். முடித்துவிட்டு, "அப்பாடா" என்று எழுந்தார். "சொன்னதுலயே பாதி வலி போனாப்புல கீது."

மலை இறங்கும்போது ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். வளைவுக்கு வளைவு காற்றுச் சத்தம்தான். கன்னியம்மாவுக்குச் செய்ததைத்தானே ஆண்டவருக்கும் இத்தனை வருஷம் செய்துகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணை மூடுவது, என் பட்டியலைப் படிப்பது, ஆமென் போடுவது, எழுந்து போவது. அவர் வாயைத் திறக்க நான் எப்போது இடம் கொடுத்தேன்?

சாயங்காலம் வீட்டு ஜெபத்தில் ஒன்றும் கேட்காமல் சும்மா முழங்கால் போட்டிருந்தேன். ரொம்ப நேரம். பக்கத்தில் சலோமி தொண்டையைச் செருமினாள். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் அவள் சத்தமாக ஜெபித்து நான் கேட்டதே இல்லை. நான் எங்கே விட்டேன்?

"ஆண்டவரே, இவரு பேசாம வூடு வூடாட்டமே இல்ல. இவரு கொரலத் திருப்பிக் குடுங்க. மொத்தமும் வேணாம், கொஞ்சமா குடுத்தாலும் போதும். ஆமென்."

அவ்வளவுதான் ஜெபம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ரிசல்ட் இன்னும் வரவில்லை. அப்பாவின் முகம் மறுபடியும் வந்தது, ஆனால் பயத்தை மட்டும் அவர் எங்கேயோ விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. ஒரு கை என் தோள்மேல் இருக்கிறது என்கிற நிச்சயம். அதை வேறு மாதிரி எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பதினாலாம் நாள் டாக்டர் பேப்பரைப் பிரித்தார். "சாதாரணக் கட்டிதான். பயப்பட ஒண்ணும் இல்லீங்க. எங்க, இப்ப எதாச்சும் பேசுங்க பார்ப்போம்."

பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் ஒரு பெரிய ஸ்தோத்திர ஜெபம் தயார் பண்ணி வைத்திருந்தேன். டாக்டர், நர்ஸ், வாட்ச்மேன் எல்லாருக்கும் அதில் இடம் இருந்தது. வாயைத் திறந்தபோது சலோமியின் முகம்தான் கண்ணில் பட்டது. வாடிப் போயிருந்தது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அவள் தட்டு எடுத்ததை நான் பார்க்கவில்லை.

"சாப்ட்டியா?" என்றேன்.

கரகரவென்றுதான் வந்தது. சலோமி இல்லை என்று தலையாட்டினாள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். உபவாசம் இருந்திருக்கிறாள். என்னிடம் சொல்லவே இல்லை. எதிர்க்கடையில் ஆளுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் ஊருக்கு பஸ் ஏறினோம்.

இன்றைக்கு என் குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது. ஒரு மணி நேரம் கத்தினால் நின்றுவிடும். அவள் கேட்டபடியே ஆண்டவர் அளந்து கொடுத்திருக்கிறார்! கன்னியம்மாவை அடிவாரத்தில் நடந்த மருத்துவ முகாமுக்கு வண்டியில் அழைத்துப் போனேன். இப்போது சரியான முட்டிக்காக ஜெபிக்கிறேன்.

அப்பாவுக்கு ஏன் அப்படி, எனக்கு ஏன் இப்படி என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன். அன்பானவர்களே, உங்களில் யாராவது இந்த வாரம் ஒரு டாக்டரின் பேப்பருக்காகக் காத்திருக்கலாம். ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வராமல் இருக்கலாம். வராவிட்டால் போகட்டும். கூட இருக்கிறவர்கள் நாலு வரி சொல்லட்டும். நீங்கள் வெறும் கையோடு ஆண்டவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். வாய் பேசாத ஒருவன் அப்படி உட்கார்ந்தபோது அவர் எழுந்து போகவில்லை. உங்களிடமிருந்தும் போகமாட்டார்.