மார்கழியில் வைத்த டைமிங்

ரயில் பாதைக்கு அடியில் போகும் துரைசாமி சப்வேயில் இறங்கும்போதுதான் சட்டைப்பையில் பத்தாம் நம்பர் ஸ்பானர் இருப்பது தெரிந்தது. ராயப்பேட்டை ஒர்க்‌ஷாப்பிலிருந்து அதுவரை நடந்தே வந்திருந்தேன். திரும்பிப் போய்க் கொடுத்திருக்கலாம். போகவில்லை.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். லாரி கிளீனர், பேட்டரி கடை, கல்யாண மண்டப வாட்ச்மேன் என்று எங்கும் ஒரு வருடம் தங்கியதில்லை. தொண்ணூறுகளில் அந்த ஒர்க்ஷாப் முதலாளி பாஷா பாயிடம் மட்டும் மூன்று வருடம் இருந்தேன். எஞ்சின் டியூனிங் எனக்குக் கை வந்துவிட்டது. அந்தத் திமிரும் வந்துவிட்டது.

ராமதுரை சார் மயிலாப்பூர்க்காரர். அவர் கொண்டுவந்தது ஜப்பான் டர்போ கார். இறந்துபோன அண்ணன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த வண்டி.

“ஐட்லிங் மட்டும் சரி பண்ணிடுங்கோ. சத்தம் மாறப்படாது. தெருமுனையில இந்த விசில் கேட்டா அண்ணாவே வர்ற மாதிரி இருக்குன்னு மன்னி வாசலுக்கு வந்துடறா.”

விசில் என்றால் டர்போ சுற்றும் சத்தம். எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புவது டர்போ. அழுத்தம் மீறாமல் திறந்துவிடும் சின்னக் கதவு வேஸ்ட்கேட். அதன் கம்பியை இறுக்கினால் கதவு தாமதமாகத் திறக்கும், வண்டி பறக்கும்.

வண்டி நிற்கும்போது எஞ்சின் அணையாமல் ஓடும் ஐட்லிங் வேகம் அரை மணியில் சரியாகிவிட்டது. அதோடு விட்டிருக்க வேண்டும். யாரும் கேட்காமலே கம்பியை இரண்டு சுற்று இறுக்கினேன். பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கையும் சற்று முன்னால் வைத்தேன். மார்கழிக் காலை, ஜில்லென்ற காற்று. அடையாறிலிருந்து திருவான்மியூர் வரை ஓட்டினேன். எஞ்சினில் ஒரு தட்டல் சத்தம்கூட இல்லை.

“குதிரையாட்டம் போறதே!” என்றார் சார்.

பாய் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “இன்னா நைனா, ஐட்லிங்குக்கா இந்த இழுப்பு? வேற எதுனா தொட்டியா?”

“இல்ல பாய். பெட்ரோல் ஃபில்டர் அடைச்சிருந்துச்சு.”

அங்கே ஒரு வழக்கம் உண்டு. குளிர்காலத்தில் டியூன் செய்த டர்போ வண்டிகளைப் பங்குனியில் கூப்பிட்டு டைமிங்கைப் பின்னால் தள்ளுவோம். வெயிலில் சூடான காற்றை டர்போ அழுத்தினால் பெட்ரோல் முந்திக்கொண்டு வெடித்து எஞ்சினைத் தின்றுவிடும். கூப்பிட வேண்டிய வண்டி நம்பர்களைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைப்போம். இந்த வண்டியை நான் எழுதவில்லை. எழுதினால் பாய் ஏன் என்று கேட்பார். இப்போது எஞ்சினில் கை வைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: தொட்டதைச் சுவரில் எழுதிவிடுங்கள். திட்டு ஒரு நாளில் போய்விடும்.

சித்திரையில் அந்த வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். எஞ்சின் மூடியான ஹெட்டைக் கழற்றினோம். மூன்றாவது பிஸ்டனில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. பாய் வேஸ்ட்கேட் கம்பியில் ஸ்பானர் பட்ட தடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சாரிடம் திரும்பினார்.

“தப்பு என்னுது சார். நான்தான் சரியா பாக்கல. இந்த பிஸ்டன் இங்க கெடைக்காது. டீசல் எஞ்சின்தான் மாத்திப் போடணும்.”

“விசில்?”

“வராது சார். அதுல டர்போ கெடையாது.”

சார் பானட் மேல் கை வைத்து நின்றார். “மன்னிகிட்ட நான் என்னன்னு சொல்வேன்?”

நான் ரேடியேட்டரைத் துடைப்பதுபோல் குனிந்திருந்தேன். அவர் போனபின் பாய் அறைந்திருந்தால் அங்கேயே இருந்திருப்பேன். “டீ சாப்பிடறியா?” என்று மட்டும் கேட்டார். வாங்கி வருகிறேன் என்று கிளம்பியவன்தான் சப்வே வரை நடந்திருந்தேன்.

மறுநாள் காலை கே.கே. நகரில் ஒரு பஞ்சர் கடையில் சேர்ந்தேன். முதல் வண்டிக்குக் காற்று அடிக்கும்போதே கடைக்காரர் ஓடி வந்தார்.

“யோவ், இன்னாயா இவ்ளோ ஏத்தற? கத்திரி வெயில்ல காத்து தானா ஏறும், ரெண்டு பாயிண்ட் கம்மியா வை. இதுகூடத் தெரியாதா?”

“தெரியாதுண்ணே” என்றேன். அதுவும் பொய்.