வெயிலுக்குப் போட்ட பந்தல்

ஆம்பூரில் கோடை நண்பகலில் தெரு வெறிச்சோடிவிடும். கதவுகள் சாத்திக்கொள்ளும், தள்ளுவண்டிகள் மறையும், நாய்கூடக் குரைக்காது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பட்டப்பகலில் ஒரு தெரு அப்படி அடங்கினால் நமக்கு அதன் பொருள் என்னவென்று. வந்த புதிதில் ஒரு நாள் அந்த அமைதியைக் கேட்டதும் ஏழு வயது மகள் சுகந்தியை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டேன். வெகுநேரம் கழித்து ஐஸ்காரரின் மணி கேட்டது. சுற்றிவளைக்க ஆமி வரவில்லை, வெறும் வெயில்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வெயிலுக்குப் பயந்து ஊரே ஒளிந்துகொள்வதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நானும் மகளும் முதலில் படகேறினோம். கணவர் தேவராசா தன் தகப்பனாரின் வைத்தியம் முடிந்ததும் வருவதாகச் சொல்லி நின்றுவிட்டார். முதல் இரண்டு மாதம் கடிதம் வந்தது, பிறகு நின்றுபோனது. நாங்கள் குடியிருந்தது மும்தாஜ் அக்கா என்பவரின் வீட்டோடு ஒட்டிய ஒற்றை அறை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். காற்றடித்தால் தோல் பதனிடும் ஷெட்டுகளின் வாடை வரும். பத்து மணிக்கு மேல் அறைக்குள் இருக்க முடியாது. சமையல், துவையல், சுகந்தியின் பாடம் எல்லாமே வாசல் முற்றத்தில்தான். அங்கே ஒரு செடிகூடக் கிடையாது. பிள்ளைக்கு முதுகெல்லாம் வேனல் கட்டி.

யாழ்ப்பாணத்தில் எங்கள் கிணற்றடியில் முந்திரிகைப் பந்தல் இருந்தது. இங்குள்ளவர்கள் திராட்சை என்பார்கள். இரும்புக் குழாய் நட்டு, கம்பி இழுத்து, கணவரே கட்டியது. கடைசி மாதங்களில் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் முற்றத்தில் நின்றவர்கள் அதன் கீழே ஓடுவோம். இலை அடர்ந்திருந்தால் மேலேயிருந்து ஆள் தெரியாது என்பார் அவர். அது உண்மையோ பொய்யோ, அந்த இலைகளுக்குக் கீழே நிற்கும்போது நெஞ்சு கொஞ்சம் அடங்கும். அதனால் ஆம்பூரின் அந்த மொட்டை முற்றத்தில் உட்கார்ந்து அரிசி களையும்போதெல்லாம் வெயில் மட்டுமல்ல, வானமும் என்னைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

மும்தாஜ் அக்காவிடம் பந்தல் போடக் கேட்கவும் பயம். பந்தல் வேண்டாம் என்பதோடு வீட்டையும் காலி பண்ணச் சொல்லிவிட்டால் எங்கே போவேன்? அவர் பேர்ணாம்பட்டில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன நாள் பார்த்துக் கடைத்தெருவுக்குப் போனேன். போட்டு முடித்துவிட்டால் பிரிக்கச் சொல்ல மாட்டார் என்று ஒரு குருட்டு நம்பிக்கை.

"கிடுகு வேணும்," என்றேன் கடைக்காரரிடம்.

"கிடுகா? அது இன்னாம்மா?"

கையால் ஓலை பின்னிக் காட்டினேன்.

"ஓ, கீத்தா! பந்தல் போடணுமா? எப்போ?"

"இண்டைக்கே வேணும், அண்ணை. வீட்டு வாசல்ல. கெதியாப் போட்டுத் தாங்கோ."

என் குரல் நடுங்கியிருக்க வேண்டும். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நீங்க அந்த சிலோன்காரம்மா தானே? வீட்ல ஐயா இல்லியா?"

"இல்லை," என்றேன்.

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "நீங்க போங்கம்மா. நாங்க உடனே வர்றோம்." விலைகூடச் சொல்லவில்லை. இந்த ஊரில் இப்படியும் நல்ல மனிதர்கள் இருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

இரண்டு ஆட்கள் சவுக்குக் கட்டைகளைத் தெரு வழியே தூக்கி வந்தார்கள். பேச்சே இல்லாமல் குழி தோண்டினார்கள், கட்டினார்கள், ஓலை வேய்ந்தார்கள். போகும்போது ஒருவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். முற்றத்தில் பச்சை ஓலை வாசத்தோடு நிழல் விழுந்தது. சுகந்தி நடுவில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். நான் அடுப்பு மூட்ட உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது பந்தலுக்குள் ஆட்கள் நின்றார்கள். எதிர்வீட்டு எஸ்தர் டீச்சர், அவர் கணவர், இன்னும் பெயர் தெரியாத ஏழெட்டுப் பேர். எல்லோரும் செருப்பைத் தெருவிலேயே கழற்றியிருந்தார்கள். யாரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கிய மும்தாஜ் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தன்னைக் கேட்காமல் குழி தோண்டியதற்கு ஏசப்போகிறார் என்று நான் சுவரோடு ஒட்டினேன். அவரோ என்னைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதார்.

"தைரியமா இரும்மா. கொழந்தைய பாரு. நாங்கல்லாம் இருக்கோம்."

எனக்கு வராத சேதி இவர்களுக்கு வந்துவிட்டது. எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

"ஆர் சொன்னது?" என்று கத்தினேன். "எங்க வச்சு? கடல்லயா?"

சுகந்தி எழுந்து உட்கார்ந்தாள். "அம்மா, அப்பாவுக்கு என்ன?"

எஸ்தர் டீச்சர் மெதுவாகக் கேட்டார். "உங்களுக்குத் தந்தி வந்துச்சுன்னு சொன்னாங்களே?"

"எனக்கு ஒரு தந்தியும் வரேல்லை!"

"அப்ப இந்தப் பந்தல் எதுக்குமா?"

"வெயிலுக்கு," என்றேன்.

கணவனைக் காணாத பெண் ஒருத்தி நடுங்கிக்கொண்டே வந்து, இன்றைக்கே வாசலில் பந்தல் வேண்டும் என்றால் சாவுப் பந்தல் என்றல்லாமல் கடைக்காரர் வேறென்ன நினைப்பார்? கட்டைகள் போன வழியெல்லாம் சேதியும் போயிருக்கிறது. யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை நாளும் உள்ளே மூடி வைத்திருந்த பயத்துக்கு நானே கால் நட்டுக் கூரை போட்டுவிட்டேன் என்று தோன்றியது. பாய்ந்துபோய் ஓலையைப் பிடித்து இழுத்தேன்.

மும்தாஜ் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வுடு. இன்னாத்துக்கு பிரிக்கிற? நெழலுக்குத் தானே போட்ட? நெழலாவே இருக்கட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னை ஒரு வார்த்த கேட்டிருந்தா இவ்ளோ பேஜார் இல்லியே," என்றார். வீட்டுக்குள் போய் முறத்தில் புளியை எடுத்து வந்து, பந்தலுக்கு நடுவில் உட்கார்ந்து கொட்டை எடுக்கத் தொடங்கினார். மறுநாளும் வந்தார். எஸ்தர் டீச்சர் பரீட்சைத் தாள்களோடு வந்தார். அந்தத் தெருவின் பெண்கள் எல்லாரும் பகலில் அங்கேதான். ஆனாலும் தபால்காரரின் சைக்கிள் திரும்பும்போது பேச்சு நிற்கும். அவர் கடந்து போனதும்தான் தொடரும். எனக்காக அவர்களும் பயந்தார்கள்.

கோடை முடிவதற்குள் ஒரு நண்பகலில் தெருமுனையில் ஒருவர் துணிப்பையோடு நின்றார். மெலிந்து, தாடி வளர்ந்து, யாரென்றே தெரியவில்லை. முன்னே வரவுமில்லை, திரும்பிப் போகவுமில்லை. வீட்டு வாசலில் பந்தல், அதன் கீழே வரிசையாகப் பெண்கள். அவர் பார்த்தது அதைத்தான். எங்கள் இருவரில் யாரை இழந்துவிட்டோம் என்று எண்ணி நின்றதாகப் பிறகு சொன்னார். கையைச் சுவரில் ஊன்றிய விதத்தில்தான் எனக்கு ஆளைத் தெரிந்தது.

சுகந்திதான் பந்தலின் ஓரம்வரை ஓடினாள். வெயிலுக்குள் கால் வைக்காமல் அங்கேயே நின்று கூப்பிட்டாள்.

"இன்னாப்பா, அங்கியே நின்னுட்ட? உள்ள வா, வெயிலு ஜாஸ்தி!"

குரலை அவர் அடையாளம் கண்டுகொண்டார். ஆனால் அந்த ஆம்பூர்ப் பேச்சு அவருடைய மகளுடையதாக இல்லை. வெயிலிலேயே நின்றபடி, பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கேட்பதுபோல் என்னைப் பார்த்தார்.