கோலாட்டம் என்று பெயர் வைத்த ஹாக்கிப் புத்தகம்

இன்று காலை காபி கிளப்பில், கையும் டம்ளருமாக மாட்டிக்கொண்டேன்!

(வழக்கம்போல் அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு எதிரே, கோவிந்தன் காபி கிளப் சுவரில்தான் இதை ஒட்டுகிறேன். பிடித்தால் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். கருத்து எழுத பென்சில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். போன தடவை பென்சிலைக் கொண்டுபோன நண்பரே, உங்களை எனக்குத் தெரியும்!)

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் பட்டணத்துத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்கு ஹாக்கிச் செய்தி எழுதுகிறவன். ஆவடியில் சிப்பாய்களும் ரயில்வே ஆட்களும் மோதும்போது கோட்டுக்கு வெளியே குடை பிடித்து உட்கார்ந்திருப்பானே ஒருவன், அவனேதான்.

நான் எழுதுவது ஒரு பக்கம். அச்சில் வருவது நாலு வரி. (குதிரைப் பந்தயம் இருந்தால் அதுவும் கிடையாது.)

எங்கள் ஆசிரியருக்கு இங்கிலீஷ் வார்த்தை ஆகாது. 'ஸ்டிக்' என்று எழுதாதே, 'கோல்' என்று எழுது என்றார். எழுதினேன். ஆனால் பந்து உள்ளே போனாலும் கோல்தானே?

'கடைசி நிமிஷத்தில் முனுசாமி கோல் போட்டார்' என்று செய்தி வந்தது. மறுநாள் முனுசாமியின் அப்பா வாசலில் நிற்கிறார்.

"எம் புள்ள எங்கய்யா கோலக் கீய போட்டான்? கெலிச்சிகினு வந்து கீறான், நீ தோத்தான்னு எய்திக்கீற!"

அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஹாக்கி விதிகளைத் தமிழில் ஒரு சின்னப் புத்தகமாக எழுதி, பிரஸ் வைத்திருக்கும் பெருமாளிடம் கொடுத்தேன்.

"ஹாக்கின்னா எவனுக்கு நைனா புரியும்? கோல வெச்சி ஆட்ற ஆட்டம். கோலாட்டம்னு போடு. தமிளாவும் கீது, ஷோக்காவும் கீது!" என்றார் பெருமாள்.

போட்டார். உலக யுத்தக் காலமாயிற்றே, அட்டையில் படம் போட பிளாக் கிடைக்கவில்லை. வெறும் எழுத்து மட்டும்: கோலாட்டம்.

மாதக்கணக்கில் ஒரு பிரதிகூட நகரவில்லை. நவராத்திரி நெருங்கியதும் பூந்தமல்லிப் புத்தகக் கடைக்காரர் ஒருவர் கட்டுக்கட்டாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்!

நாட்டில் ஹாக்கி வளர்ந்துவிட்டது என்று பூரித்துப் போனேன். (சிரிக்காதீர்கள். புத்தகம் விற்றால் எழுதுகிறவனுக்குக் காரணம் கேட்கத் தோன்றாது.)

பெருமாளுக்கும் ஏகக் குஷி. "இது ரிட்டன் வராம இர்ந்தா, ரெண்டாவது புக்குக்குப் பேப்பர் ஒதுக்குறேன்" என்று சொல்லிவிட்டார்.

அந்த இரண்டாவது புத்தகம்தான் என் உயிர். நம் பக்கத்து ஆட்டக்காரர்களைப் பற்றியது. பகலெல்லாம் இஞ்சினுக்குக் கரி அள்ளிவிட்டு, சாயங்காலம் வெறுங்காலோடு ஓடி ஆடுகிறவர்கள். நாலு வரிச் செய்தியில் அவர்கள் பெயரே வருவதில்லை. புத்தகமாவது அவர்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது எனக்கு வெறியாகவே இருந்தது.

சரி, இன்று காலைக்கு வருவோம்.

நானும் பெருமாளும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். குதிரை வண்டி ஒன்று வந்து நின்றது. நடுத்தர வயது அம்மாள் ஒருவர் பெரிய துணிப்பையோடு இறங்கினார்.

"கோலாட்டம் எழுதினவரு இங்கதான் வருவாருன்னு சொன்னாங்க. யாரு?"

கோவிந்தன் சற்றும் யோசிக்காமல் என்னைக் கை காட்டினார். (நண்பன்!)

"நான் கனகம்மா. பூந்தமல்லி பொம்பளப் புள்ளைங்க ஸ்கூல்ல பாட்டு டீச்சர். நவராத்திரிக்குக் கோலாட்டம் சொல்லிக் குடுக்க உங்க புத்தகத்த வாங்கினோம். வகுப்பு மொத்தத்துக்கும்!"

டம்ளரைக் கீழே வைத்தேன்.

பெருமாள் பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இரண்டாவது புத்தகம் ரயிலேறிப் போவது எனக்குத் தெரிந்தது.

"அம்மா, அது வந்து... ஹாக்கி..."

"தெரியும் சார். ரெண்டாம் பக்கத்துலயே 'பல்லை உடைத்துக்கொள்ளாமல் ஆடவும்'னு இருந்துச்சே!"

பைக்குள் கையை விட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்து பார்த்தால், கையில் கோலாட்டக் குச்சிகள்!

"அண்ணே, இப்படி எதிர்ல வாங்க" என்று கோவிந்தனைக் கூப்பிட்டு அவர் கையில் ஒன்றைத் திணித்தார். "தரையில ஒரு தட்டு. எதிராளி கோல்ல ஒரு தட்டு. இப்படி மூணு வாட்டி. முத்தட்டுன்னு எழுதியிருக்கீங்களே, அதுதான்!"

ஹாக்கி ஆட்டம் தொடங்கும்போது இரண்டு பேர் எதிரெதிரே நின்று தட்டும் 'புல்லி' அது. தமிழில் சொல்ல வார்த்தை தேடித் தேடி, முத்தட்டு என்று வைத்திருந்தேன்.

டக், டக். டக், டக். டக், டக்.

கோவிந்தன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து குனிந்து தட்டினார். "இன்னாமே, நல்லாதான் கீது!" என்றார்.

"நவராத்திரியில எங்க முத்தட்டுக் கோலாட்டத்துக்குத்தான் கைத்தட்டல். புதுசா இருக்கேன்னு எல்லாரும் கேட்டாங்க" என்றார் கனகம்மா.

"அப்போ புக்கு ரிட்டன்..." என்று இழுத்தார் பெருமாள்.

"யாரு குடுப்பா? புள்ளைங்க கையிலருந்து வாங்க முடியல."

பெருமாள் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். (இது நாலாவது தட்டு. விதியில் இல்லை.)

"நைனா, ரெண்டாவது புக்கு போட்றோம்! பேரு 'கும்மி'ன்னு வெச்சிக்கலாமா?"

மாட்டேன் என்றேன். அட்டையில் ஆட்டக்காரர்களின் பெயர்கள்தான் வரும். அவரும் தலையாட்டிவிட்டார். மனசு அப்படி நிறைந்துவிட்டது, நண்பர்களே.

கனகம்மா மட்டும் கிளம்பவில்லை.

"இதைக் கேக்கத்தான் சார் இவ்ளோ தூரம் வந்தேன். புள்ளைங்க இப்போ மீதிப் புத்தகத்தையும் படிச்சிடுச்சுங்க. மூணாவது தட்டு முடிஞ்சதும் ஒருத்தியும் ஆட மாட்டேங்குறா. அப்படியே குனிஞ்சு நிக்கிறாளுங்க. 'டீச்சர், பந்து எங்க?'ன்னு கேக்குறாளுங்க."

ஆகவே நண்பர்களே, உங்கள் யாரிடமாவது பழைய ஹாக்கிப் பந்து இருக்கிறதா? கோவிந்தனிடம் கொடுத்து வையுங்கள். பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடமே முத்தட்டுத் தட்டிவிட்டுக் குனிந்து நிற்கிறது!