ஓடக்கூடாத தெருவில் கருப்பம்மாள்

எங்கள் தெருவில் யாரும் ஓட மாட்டோம். பஸ் போனால் போகிறது என்று நடந்துதான் போவோம். சிவகாசிப் பக்கம் ஒரு பொம்பளை தெருவில் ஓடினால், எங்கோ பட்டாசுக் கம்பெனி வெடித்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் தெருவில்தான் கருப்பம்மாள் மகளோடு ஓடினாள்.

மகள் வேல்விழிக்குப் பதினாலு வயது. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைவு. வீட்டுக்குள்ளேயே கிடப்பாள். கோபம் வந்தால் சுவரில் தலையை முட்டுவாள், தடுக்கிற கையைக் கடிப்பாள். யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. "உடம்பு அசையணும்மா, தினமும் ஓட விடுங்க" என்று விருதுநகர் சிறப்புப் பள்ளி டீச்சர் சொன்னார். தனியாக ஓட அவளுக்குப் பயம். கருப்பம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானும் இறங்கிவிட்டாள்.

முதல் நாள் காலை ஏழு மணி. ஆண்கள் பட்டாசுக் கம்பெனிக்கு வெடிமருந்து கலக்கப் போயிருந்த நேரம். ஓடி வந்த இருவரையும் பார்த்துத் தெருவே அலறியது. பல் தேய்த்த வாயோடு நானும் ஓடினேன். வெடிவிபத்தில் புருஷனைப் பறிகொடுத்த இருளம்மாள் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். விஷயம் தெரிந்ததும் கத்தினாள்:

"இனி இங்கன ஓடுனே, காலை ஒடிச்சிருவேன்டி!"

அவளைக் குறை சொல்ல முடியாது. கருப்பம்மாளும் சொல்லவில்லை. நாலு நாள் ஓடாமல் இருந்தாள். நாலாம் நாள் வேல்விழி முட்டிய முட்டில் நெற்றி பிளந்தது.

மறுநாள் சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி வேலை முடிந்து வந்தவள், கையில் ஒட்டிய வெள்ளிப் பவுடரைக்கூடக் கழுவாமல், மகளை இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள்.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு ஓடுவோம். பயப்படாதீக."

தினமும் இதே பாட்டு. 'கலெக்டர் ஆபீஸ் தண்டோரா வந்தாச்சு' என்று நானே கேலி செய்திருக்கிறேன். என் வாய்க்குப் புத்தி கிடையாது. இருளம்மாள் மட்டும் தினமும் முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்துவாள்.

ஐந்து மாதம் ஓடினார்கள். முட்டுவது நின்றது, கடிப்பதும் நின்றது. தீபாவளி சீசனில் ஒருநாள் சாயங்காலம் கருப்பம்மாள் வேலையிலிருந்து காய்ச்சலோடு வந்து படுத்துவிட்டாள். கண் விழித்தால் மகளைக் காணோம். பதறிப்போய்த் தேடினோம்.

வேல்விழி இருளம்மாள் வீட்டு வாசலில் தனியாக நின்றாள், அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தபடி.

"நாளைக்கு... ஓடுவோம். பயப்படாதீக."

இருளம்மாள் கதவைப் பிடித்தபடியே நின்றாள். சாத்தவில்லை.

"பயப்படல தாயி. நீ ஓடு."

கருப்பம்மாள் என் கையை இறுகப் பிடித்தாள். "பாத்தீகளாக்கா? எம் மக தனியா வந்து சொல்றா!" பெற்றவளுக்கு எம்புட்டுப் பெருமையோ, எனக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது.

வேல்விழி அதற்குள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.