ஐந்து மணிக்குள் ஒரு கையெழுத்து

கோட்டாற்றுச் சுலைமானுக்கு அப்போது பதினேழு வயது. ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்தவன், ஒரு நாள் கடை வாசலில் நின்ற ஓவர்சியரின் சைக்கிளை எடுத்துக்கொண்டு திற்பரப்பு அருவியைப் பார்க்கக் கிளம்பிவிட்டான். சாயங்காலத்துக்குள் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தான். தக்கலையில் போலீஸ் பிடித்தது. அதனால் வழக்கு பத்மநாபபுரம் கோர்ட்டுக்குப் போயிற்று.

முதல் குற்றம், சின்ன வயது. மாஜிஸ்திரேட் அவனைச் சிறைக்கு அனுப்பவில்லை. ஒரு வருஷத்துக்கு நன்னடத்தை ஜாமீன் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விட்டார். அதற்கு மூன்று நிபந்தனைகள். ஒரு தொழிலில் நிற்க வேண்டும். விட்ட படிப்பை முடிக்க வேண்டும். மாதத்தின் முதல் திங்கட்கிழமை, முதலாளியும் ஹெட்மாஸ்டரும் கொடுக்கும் சீட்டுகளோடு கோர்ட்டில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று தவறினாலும் ஆறு மாதம் உள்ளே.

வாப்பா இல்லாத பையனுக்கு யார் ஜாமீன் நிற்பார்கள்? உம்மா நூர்ஜஹான் அழுது கேட்டபின், சாயப்பட்டறை வைத்திருந்த சலாஹுதீன் சாகிபு வந்து நின்றார். வேலையும் அவரே கொடுத்தார். “ஒனக்காக இல்லலே, ஒன் உம்மாவுக்காக. ஒரு நாள் நீ வரல்லன்னாலும் நானே கோர்ட்டுக்கு எழுதிப் போட்டுருவேன்” என்றார். சொன்னால் செய்கிற ஆள்.

காலை ஆறு மணியிலிருந்து ஒன்பதரை வரை நூல் முக்குவான். பத்து மணிக்குப் பள்ளிக்கூடம். சாயங்காலம் மறுபடியும் பட்டறை. முழங்கை வரை நீலம் ஏறிய கைகளோடு, தன்னைவிட நாலு வயது குறைந்த பிள்ளைகளுக்கு நடுவே உட்காருவான். அவர்கள் சிரித்தார்கள். கை நீட்டினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும்.

பதினோரு மாதம் இப்படியே போயிற்று. பிறகு பரீட்சை வந்தது. முதல் பரீட்சையே ஒரு திங்கட்கிழமை, அதுவும் மாதத்தின் முதல் திங்கட்கிழமை. முந்தின மாதம் கோர்ட் குமாஸ்தா கிருஷ்ணமணியிடம் அவன் இதைச் சொல்லியிருந்தான்.

“அஞ்சு மணிக்குள்ள வந்து ஒப்புப் போட்டாப் போதும். அதுக்கு மேல ஆச்சுன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது, கேட்டியா?” என்றார் குமாஸ்தா.

பரீட்சை இரண்டரை மணிக்கு முடிந்தது. ஹெட்மாஸ்டர் சீட்டுக்குப் பதிலாகக் கேள்வித்தாளின் ஓரத்திலேயே கையொப்பமிட்டுக் கொடுத்தார். வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான். ஆள் நிறையாமல் பஸ்ஸை எடுக்க மாட்டோம் என்றார்கள். மூன்றேமுக்காலுக்கு மேல்தான் எடுத்தார்கள். வில்லுக்குறி தாண்டியதும் பஸ் இருமிவிட்டு நின்றது. டிரைவர் மூடியைத் திறந்து பார்த்துக் கையை விரித்தார். மணி நாலேகால். இன்னும் நாலு மைல்.

சாலையோரம் ஒரு சாயாக்கடை. புளியமரத்தில் ஒரு சைக்கிள் சாய்ந்து நின்றது. பக்கத்தில் யாரும் இல்லை. சுலைமான் அதன் கைப்பிடியைத் தொட்டுவிட்டான். வெயிலில் சூடேறியிருந்தது. ஏறி மிதித்தால் அரை மணி நேரத்தில் கோர்ட். கையை இழுத்துக்கொண்டு கடைக்குள் போனான்.

“அண்ணாச்சி, இந்த சைக்கிள் ஆருக்கு உள்ளது? பத்மநாபபுரம் கோர்ட்டுக்கு அவசரமாப் போணும். என்னையக் கொண்டு விடுவியளா?”

சாயா குடித்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தார். “எனக்குள்ளதுதான். கோர்ட்டுல என்ன காரியம்?”

பொய் சொல்லியிருக்கலாம். சுலைமானுக்கு வரவில்லை. “ஒப்புப் போடணும். சைக்கிள் எடுத்த கேசு.”

அந்த மனிதர் தம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். வெளியே போய்ச் சைக்கிளைத் தம் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டார். “நீ நடந்தே போ, மக்கா” என்றார்.

அவன் ஓடினான். குமாரகோவில் விலக்கிலும் புலியூர்க்குறிச்சியிலும் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்று, மறுபடியும் ஓடினான். பத்மநாபபுரம் கோட்டை வாசலுக்குள் நுழையும்போது காலில் கல் கிழித்து ரத்தம் வந்தது. கிருஷ்ணமணி கோர்ட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“மணி அஞ்சே கால். வரல்லன்னு எழுதியாச்சு. நாளைக்கு வா, எசமான்கிட்ட சொல்லு.”

“நாளைக்குக் கணக்குப் பரீட்சை, சார். அதையும் விட்டா எனக்கு ஒண்ணுமே இல்ல.”

குமாஸ்தா சாவியை மடியில் செருகினார். “எசமான் கோட்டைச் சுவர் ஓரமா நடக்கப் போயிருக்காரு. நான் சொன்னேன்னு சொல்லப்பிடாது.”

மாஜிஸ்திரேட் கைத்தடியோடு நடந்துகொண்டிருந்தார். மூச்சிரைக்க முன்னால் வந்து நின்றவனை அவருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. வியர்வையில் ஊறிய கேள்வித்தாளையும் முதலாளியின் சீட்டையும் சுலைமான் நீட்டினான். பஸ் நின்றதைச் சொன்னான். சைக்கிள்காரரிடம் கேட்டதையும் மறைக்காமல் சொன்னான்.

“அவர் கொண்டு விடல்லியா?”

“இல்ல எசமான்.”

மாஜிஸ்திரேட் கேள்வித்தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். கைத்தடியை ஊன்றி நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பினார். கடைசியில், “வரவில்லை என்று எழுதினது தப்பு. தாமதமாக வந்தான் என்று திருத்தச் சொல்கிறேன். ஆனால் தாமதத்துக்கும் கணக்கு உண்டு. ஜாமீன் இரண்டு மாதம் நீளும். போய்ப் பரீட்சை எழுது” என்றார்.

பத்து மைலும் நடந்தே ஊர் திரும்பினான். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பட்டறையில் நின்றவனின் வீங்கிய காலைச் சலாஹுதீன் சாகிபு பார்த்தார். உட்கார்ந்து செய்கிற வேலையைக் கொடுத்தார்.

கணக்கில் தேறுவதற்கு வேண்டிய மார்க்குக்கு மேல் ஒன்றுதான் கிடைத்தது. நீட்டிய இரண்டு மாதமும் முடிந்ததும், ஜாமீன் தீர்ந்தது என்று கோர்ட்டில் ஒரு தாள் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை உம்மாவிடம் கொடுத்தபோது அவள் எழுத்துக்களை விரலால் தடவிப் பார்த்தாள்.

“இதுல என்ன எழுதியிருக்கு, மக்கா?”

“இனிமே என்னை யாரும் தேடி வரமாட்டாங்கன்னு எழுதியிருக்கு, உம்மா.”