சகலை பெயரில் நான் கட்டிய பிராது

என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். சபையில் எழுந்து நின்று எனக்குப் பேச வராது. அதனால் முனீஸ்வரன் எனக்குச் செய்ததை எழுதித் தருகிறேன்.

கருக்களாச்சேரிப் பக்கம் ஐஸ் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் ஐஸ்கட்டி தூக்கினேன். தோள் விட்டுப்போனது. "ஒரு வருஷம் ஓய்வா இரு, உன் வேலை அப்படியே இருக்கும்" என்றார் முதலாளி. அந்த ஒரு வருஷத்தில் மனைவியோடு மலேசியா, சிங்கப்பூர், கடைசியாகப் பிரான்ஸ் போவதென்று முடிவு செய்தேன். பிரான்சில் என் அக்கா இருக்கிறாள். அவளைப் பார்த்துப் பதினெட்டு வருஷம். அவளுக்கு நடை போய்விட்டது. இனி நான் போனால்தான் உண்டு.

பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம், நாட்டுக்கு ஒரு தாள். எங்கே இறங்குவது, எத்தனை நாள், யார் வீட்டில் தங்குவது என்று மூன்று மாதம் எழுதினேன்.

என் மனைவி சாந்தியின் தங்கை புருஷன், எனக்குச் சகலை, தருமபுரத்தில் இருக்கிறான். சர்க்கார் ஆபீஸ் வேலை. பி.ஏ. என்று சேர்க்காமல் பெயரையே சொல்லமாட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன் என் தாள்களைப் புரட்டிச் சிரித்தான்.

"என்ன சகலை, பாரீசுல இறங்கி ஐஸ் வேணுமான்னு கூவப் போறீங்களா? போலீசு இங்கிலீசுல பேர் கேட்டாலே வேட்டி நனைஞ்சிடுமே!"

எல்லோரும் சிரித்தார்கள். சாந்தியும் சிரித்தாள். அவன் தாள்களைப் போனில் படம் பிடித்துக்கொண்டான். அக்கா விலாசமும் போன் நம்பரும் அதில்தான் இருந்தன. ஏன் என்று நான் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து அக்கா பேசினாள்.

"ஏன் தம்பி, பயமா இருக்குன்னு சொல்லிட்டியாமே? ஒன் சகலை சொன்னாரு. அவரும் பொண்டாட்டியும் வராங்களாம். மேரியில ரெண்டு பேருக்குத்தான் கடுதாசி குடுப்பாங்க. அவங்க பேருக்கே வாங்கி அனுப்பிட்டேன்."

மேரி என்றால் அங்கே நகராட்சி. அந்த அழைப்புக் கடிதம் இல்லாமல் எனக்கு விசா வராது. இல்லக்கா, பொய்க்கா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் முனீஸ்வரனிடம் போனேன். பிராது எழுதிச் சூலத்தில் கட்டுவது எங்கள் வழக்கம். இப்படி எழுதினேன்: "என் அக்காவுக்கும் எனக்கும் நடுவில் நிற்கிறவன் அவன் வாயாலேயே கெட வேண்டும். உயிரைக் கேட்கவில்லை. மானத்தைக் கேட்கிறேன்."

ஒரு மாதம் ஆகவில்லை. அக்கா மறுபடி பேசினாள். அவனுக்கு விசா கிடைக்கவில்லை. கடிதத்தில் இருக்கிற பெயர் பாஸ்போர்ட்டில் இல்லையாம். அவன் சொல்லச் சொல்லத்தான் அக்கா எழுதியிருக்கிறாள். பி.ஏ.யும் பெயரோடு ஒட்டிப் போய்விட்டது!

வேறு கடிதம் வாங்க, பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரைக் கேட்டிருக்கிறாள். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "படிச்சவன் பேரை எழுதத் தெரியலை. நீயும் ஒன் தம்பி மாதிரிதானா? அவன் கிளம்பறேன்னு குதிச்சான். அவனைத் தடுத்து நான் வரேன்னதே பெருசு" என்று கத்தியிருக்கிறான்.

அவன் வாய். அதே வாய்.

"நெசமா தம்பி? நீ வரேன்னுதான் சொன்னியா?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா!" என்றேன். தெருவுக்கே கேட்டிருக்கும். சாந்தி ஓடிவந்தாள். என் பாஸ்போர்ட்டையும் அவளுடையதையும் படமெடுத்து அனுப்பினோம். புதுக் கடிதம் வந்தது. விசாவும் வந்தது.

போனோம். மூன்று நாடும் போனோம். அக்கா சக்கர நாற்காலியில் விமான நிலையத்துக்கே வந்திருந்தாள். என் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

திரும்பி வந்ததும் கடைத்தெருவில் சகலை செய்ததையெல்லாம் நானே எல்லோரிடமும் சொன்னேன். இதற்கு முன் நான் இப்படிப் பேசியதே கிடையாது. இப்போது அவனைப் பார்த்தால் சின்னப் பையன்கூட "பி.ஏ. சார், பாரீசுல குளிரா?" என்கிறான். எனக்கு இனிக்கிறது. மறைக்கமாட்டேன்.

பிராது பலித்தால் அவிழ்த்துவிட வேண்டும் என்று பூசாரி இரண்டு முறை சொல்லிவிட்டார். முனீஸ்வரனுக்குப் பொங்கல் வைத்தேன், விழுந்து கும்பிட்டேன். அவிழ்க்கவில்லை. "பொய் சொன்னேன்" என்று சகலை என் அக்காவிடம் தன் வாயால் சொல்லட்டும். அதுவரை அது சூலத்திலேயே இருக்கும்.

வாயில்லாதவர்களே, அநியாயம் நடந்தால் அழுதுகொண்டு உட்காராதீர்கள். முனீஸ்வரனிடம் எழுதிக் கொடுங்கள். கோணல் எழுத்தையும் அவர் படிப்பார்.

ஆடி மாதம், மூன்றாம் வெள்ளிக்கிழமை.